நெஞ்சு வலி யாருக்கு

ஒருவருடைய நெஞ்சு வலிக்கு இன்னொருவருக்கு ஈசிஜி எடுத்த டாக்டர் தஞ்சாவூர்ச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் பாடப்புத்தகத்தில் அச்சடித்ததுபோல அழகாக வந்தது. வராமல் என்ன செய்யும்? மேசையில் படுத்திருந்தது மனைவி. நெஞ்சு வலி கணவனுக்கு. அந்த மனிதர் அந்த நேரத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளி, வயலில் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தார்.

என் கிளினிக் பூதலூர் பக்கம், ரோட்டோரத்தில் இருக்கிறது. எனக்கு முன்னால் அந்தக் கட்டடம் உரக்கடை. இரண்டு முறை வெள்ளையடித்தும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து யூரியா வாடை வரும். திறந்த புதிதில் வந்தவர்களில் சிலர் உள்ளே எட்டிப் பார்த்து, பொட்டாஷ் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் படித்தது குடும்ப மருத்துவம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் தனியாக மூன்று வருடம் படிக்க வேண்டும். மற்ற டாக்டர்கள் மனிதனைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு இதயம், ஒருவருக்குக் கிட்னி, ஒருவருக்கு முழங்கால். நாங்கள் முழு ஆளையும் பார்ப்பவர்கள், ஆளோடு சேர்த்து அவர் வீட்டையும் பார்ப்பவர்கள். சொல்லும்போது நன்றாக இருக்கும். பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது என் சித்தி கேட்டார், "எதுல ஸ்பெஷலிஸ்ட்டு?" "குடும்பத்துல" என்றேன். "அதத்தான் நாங்க எல்லாரும் நடத்துறோமே, அதுக்கு மூணு வருஷமா?" என்றார்.

வாசலில் பெரிதாக போர்டு வைத்தேன். 'குடும்ப மருத்துவர்' என்று சிவப்பு எழுத்து, பஸ்ஸில் போகிறவர்கள் கூடப் படிக்கலாம். பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், கிழவிகள் கூட்டமாக வந்தார்கள். ஆண்கள் வரவில்லை. ஒன்றரை வருடத்தில் வயது வந்த ஆண் என்று பார்த்தால் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்தான். அவரும் வாசலோடு போய்விட்டார்.

இதற்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். நோய் என்று ஒத்துக்கொள்வது ஆண்மைக்கு இழுக்கு. இதையெல்லாம் படம் போட்டு, கட்டம் போட்டு, திருச்சியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த கூட்டத்தில் பேசினேன். தலைப்பு, எல்லோருக்கும் சமமான ஆரோக்கியம். ஏழைகளின் ஊட்டச்சத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு மூன்று வகைப் பாயசம் சாப்பிட்டோம். கைதட்டினார்கள். ஒரு பேராசிரியர் எழுந்து, கள அனுபவம் பேசுகிறது என்றார். என் கள அனுபவத்தின் லட்சணம் இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் முதல் தடவை வந்தது குறுவை அறுப்பு முடிந்த சமயம். நாற்பது வயது இருக்கும். கூலிக்கு நடவு நடுகிறவள். கணவனும் அவளும் சேர்ந்து கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து உழுகிறார்கள். கூட்டமான நாள். எனக்குக் கூட்டம் என்றால் கோபம் வரும், கோபம் வந்தால் வேகம் வரும். அவள் உட்காருவதற்குள் கேட்டேன்.

"சொல்லும்மா, என்ன பண்ணுது?"

"நெஞ்ச அடைக்குதுங்க. மூட்டை தூக்குனா மூச்சு வாங்குது. எடது கையி மரத்துப் போவுது. வேத்து வேத்து ஊத்துது."

"எத்தனை நாளா?"

"அறுப்புலேருந்துங்க."

இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவக் கல்லூரி மாணவனாலும் சொல்ல முடியாது. நான் அவளைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். எல்லாம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பெண், நாற்பது வயது, எல்லாம் சரி, ஆகவே வாயு. இந்தக் கணக்கு எங்கள் தொழிலில் ரொம்பப் பழையது. வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

எழுந்து போனவள் வாசலில் நின்று ஒரு சந்தேகம் கேட்டாள். "தண்ணியோட சாப்புட்டா ஒண்ணும் பண்ணாதுங்களே?"

"தண்ணியோடதான்மா சாப்பிடணும்! நிறையத் தண்ணி குடிக்கணும்!" என்று கத்தினேன். படிப்பறிவில்லாத மக்களுக்கு இதைக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டேன். அவள் முகத்தில் ஒரு திகைப்பு. எதிர்த்துப் பேசாமல் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். அதே வலி, இப்போது நடந்தாலே வருகிறது. மறுபடி ஈசிஜி, மறுபடி அழகு. எனக்கு எரிச்சல் வந்தது. "மனசுல ஏதாச்சும் கவலை இருக்கா?" என்றேன். "கவலைதாங்க" என்றாள், கண் கலங்கிவிட்டது. பிடித்தேன் பார் என்று நினைத்துக்கொண்டேன். மன அழுத்தம் என்று எழுதினேன். மூச்சை இழுத்து, நிறுத்தி, விடச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒவ்வொரு படியையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். எவ்வளவு கவனமான நோயாளி என்று மெச்சிக்கொண்டேன்.

கிளம்பும்போது தயங்கி, "பீடி குடிக்கலாமுங்களா?" என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு பெண், அதுவும் பீடி! பத்து நிமிடம் திட்டினேன். நுரையீரல், ரத்தக்குழாய், புற்றுநோய் எல்லாம் வந்து போயின. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெட்கமாக இல்லையா என்றும் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில், "அந்த ரத்தக்கொழா சமாசாரத்த இன்னொருவாட்டி சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். அவள் போனதும் நான் செய்த காரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கிராமப்புறப் பெண்களிடம் பீடிப் பழக்கம் என்று என் அடுத்த பேச்சுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்.

மூன்றாம் தடவை அவள் காலையிலேயே வந்தாள். சம்பா நடவு மும்முரமாக நடக்கிற நேரம், எந்த நடவுக்காரியும் அந்த வேளையில் வயலை விட்டு வரமாட்டாள். சேலையில் சேறு, காலில் சேறு. வரிசையில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திர கேக்கலீங்க. நேத்து சாயங்காலம் வரப்புலயே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். உக்காந்துட்டாங்க என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"யாரு உக்காந்தா?"

"வூட்டுலதாங்க."

"வீட்டுலன்னா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "புள்ளைங்களோட அப்பாதாங்க. அவங்களுக்குத்தானே நீங்க வைத்தியம் பாக்குறீங்க!"

முந்தைய இரண்டு சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். அடைக்குது, வாங்குது, மரத்துப் போவுது, ஊத்துது. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நம் பாஷையில் ஆளே இல்லாமல் ஒரு வியாதியை முழுவதுமாகச் சொல்லி முடித்துவிடலாம். என் அம்மாவும் நடவு நட்டவர்தான், திருப்பனந்தாள் பக்கம். 'காச்ச அடிக்குது' என்று அவர் சொன்னால் அது அப்பாவுக்கா எனக்கா ஆட்டுக்குட்டிக்கா என்று நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அது தெரிந்த வீட்டில் பிறந்துவிட்டு, இங்கிலீஷில் கேஸ் எழுதப் படித்ததும் எல்லா வாக்கியத்துக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவரையே எழுவாயாகப் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதமாக ஒரு மனிதரின் இதயம் அடைத்துக்கொண்டு வருகிறது. நான் அதற்கு வாயு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அவரை உடனே கூட்டிட்டு வா!"

"இன்னிக்கும் நாத்துக்கட்டு தூக்கப் போயிட்டாங்க. கூப்புட்டா வர மாட்டாங்க."

"ஏன்?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என் நர்ஸைப் பார்த்தாள். என் நர்ஸ் ஐம்பது வயதுக்காரர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாய் வீட்டுப் பெண், கணவர் துபாயில் இருக்கிறார். மனைவிக்குப் பல்வலி என்றாலும் அங்கிருந்தபடி வீடியோவில் வாயைத் திறக்கச் சொல்லி வைத்தியம் பார்க்கிற கணவர் அவர். எதற்கும் அசராத அக்கா அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, என்னன்னு சொல்லுங்க."

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. வாசல்ல குடும்ப மருத்துவர்னு போட்டிருக்கீங்கல்ல. ஊருல ஆம்பளைங்க எல்லாம் இது குடும்பக் கட்டுப்பாடு ஆசுபத்திரின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. உள்ள போனா அறுத்து வுட்டுடுவாங்கன்னு டீக்கடையில பேச்சு."

"ஒன்றரை வருஷமாவா? ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க திருச்சியில போயி வேற காரணம் பேசிட்டு வந்தீங்களா, சரி, படிச்சவங்க சொன்னா அதுவும் இருக்கும்னு வுட்டுட்டேன்."

அக்காவின் ஸ்கூட்டரில் ஈசிஜி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நான். முன்னால் அந்தப் பெண், யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வழி காட்டிக்கொண்டு போனாள். வாய்க்கால் கரை முழுக்கச் சேறு. போகிற வழியெல்லாம் அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். நான் யாரிடமும் எதுவும் வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை. அன்று எதிர்ப்பட்ட கோயில், தர்கா எல்லாவற்றிடமும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கைந்து ஆண்கள் நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று மூச்சு வாங்கினார். அவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினேன், வெள்ளைக் கோட்டு, கையில் பெட்டி.

"டேய், பொட்டியோட வருதுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். நாற்றுக்கட்டுகள் நாலாபுறமும் விழுந்தன. ஆண்கள் ஆளுக்கொரு வரப்பில் ஓடினார்கள். நெஞ்சு வலிக்காரரும் கட்டைப் போட்டுவிட்டு ஓடினார். எந்த மனிதர் ஓரடி கூட வேகமாக எடுத்து வைக்கக் கூடாதோ, அந்த மனிதர் என்னிடமிருந்து தன் ஆண்மையைக் காப்பாற்றிக்கொள்ள வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "ஓடாதீங்க! ஓடாதீங்க!" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர் வேகம் கூடியது. துரத்தினால் இன்னும் ஓடுவார், விட்டால் அடுத்த மதகில் விழுந்து கிடப்பார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு.

அப்போது அவள் வரப்பில் ஏறி நின்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

கணவன் பெயரைச் சொல்லாத பெண்கள் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். அவள் அதை முழுசாக, அடிவயிற்றிலிருந்து, வயல் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். அவர் நின்றுவிட்டார். திரும்பி அவளைப் பார்த்தார்.

"வந்து உக்காருங்க. ஒண்ணும் அறுக்க மாட்டாங்க" என்றாள். "நீங்க செத்துப்புட்டா நான் என்ன பண்ணுவேன்?"

பம்புசெட் கொட்டகையில் கோரைப்பாய் விரித்து அவரைப் படுக்க வைத்தோம். "டாக்டரம்மா, எங்களுக்கு ஏற்கெனவே ரெண்டோட நிறுத்தியாச்சுங்க, எனக்கு எதும் வேணாங்க" என்று கும்பிட்டார். மார்பைத் துடைத்து ஒயர்களை ஒட்டினேன். பெட்டியிலிருந்து தாள் வந்தது. இவ்வளவு நாள் அவளிடம் நான் தேடியது அத்தனையும் அந்தத் தாளில் இருந்தது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லிக் கொடுத்தேன். அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அது வரும்வரை அவர் கொஞ்சம் தெளிந்து என்னிடம் ஒரு விளக்கம் கொடுத்தார். தான் மருத்துவத்தில் குறை வைக்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டுமாம். "நீங்க சொன்னபடிதாங்க சாப்புட்டேன். தண்ணியோடதான். ஒரு நாளும் தவறல. மொத இவதான் வேணாம் வேணாம்னு மல்லுக்கு நின்னா. டாக்டரே நெறையக் குடிக்கச் சொல்லிட்டாங்கன்னதும் வாய மூடிக்கிட்டா."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு மாதமாக அவர் என் வாயு மாத்திரையை டாஸ்மாக் சரக்கோடு விழுங்கியிருக்கிறார், டாக்டர் உத்தரவு என்று பெண்டாட்டியின் வாயை அடைத்துவிட்டு. அக்கா கொட்டகைக்கு வெளியே போய் நின்று சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

தஞ்சாவூரில் அன்று மதியமே ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். மாலையில் போய் வார்டுக்கு வெளியே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "ஏம்மா, நான் உன்னைப் படுக்க வச்சு ஒயர் ஒட்டுனேனே, எனக்கு இல்ல, அவருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"மெடிக்கல்ல போயி காச்ச மாத்திர குடுங்கன்னா யாருக்குன்னா கேக்குறாங்க? அப்புடித்தான்னு நெனச்சேன்" என்றாள். "ஒயரு ஒட்டுனப்ப எனக்கும் என்னமோபோலத்தான் இருந்துச்சு. பொண்டாட்டிக்குப் பாத்தாலே தெரியும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கலாம்னு வாயத் தொறந்தேங்க. நீங்கதான் பேசவே வுடலியே. படபடன்னு வுழுந்தீங்க."

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். மன்னிச்சுக்கம்மா என்றேன். டாக்டர்கள் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது, பதறி எழுந்துவிட்டாள்.

போர்டை மாற்றினேன். புதிதாக என்ன எழுதுவது என்று நானும் அக்காவும் ஒரு வாரம் சண்டை போட்டோம். ஆண்களுக்கும் பார்க்கப்படும் என்று போடலாம் என்றேன். "அப்ப சுத்தம், இருக்குற பொம்பளைங்களும் வர மாட்டாங்க" என்றார் அக்கா. கடைசியில் டாக்டர் என்று மட்டும் போட்டோம். உண்மையில் போர்டால் ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து முழுசாகத் திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்ததுதான் விளம்பரம். என்னென்ன கேள்வி கேட்டு என்னென்ன உறுதி செய்துகொண்டார்களோ, அந்த வாரமே நான்கு ஆண்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் முதல் கேள்வியாக யாருக்கு என்று கேட்டேன். ஒருவர் மாமியாருக்கு என்றார்.

ஒரு மாதம் கழித்து அவரும் அவளும் சேர்ந்து வந்தார்கள். அவர் சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் உரிமையோடு உட்கார்ந்தார். அவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மாத்திரைகளைப் பார்த்தேன், பீடியை விட்டாயிற்றா என்று விசாரித்தேன், தண்ணி என்றால் குழாய்த் தண்ணி என்று இரண்டு முறை சொன்னேன். எல்லாம் முடிந்து அடுத்த ஆளைக் கூப்பிட அக்கா கதவைத் திறந்துவிட்டார். எனக்கு ஏதோ உறுத்தியது. அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"எனக்குங்களா? எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்குத் தெரியும். அவர் கதவை மறுபடி சாத்தினார். அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள், கணவனைப் பார்த்தாள்.

"நீங்க செத்த நேரம் வெளிய இருங்க" என்றாள்.

அவர் விழித்தார். பிறகு எழுந்து போனார். அவள் அந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள்.

"கீழ எறங்கி வருதுங்க. குனிஞ்சு நடுறப்ப வெளிய வந்துடும். துணிய வச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டு நடுவேன். சாயங்காலம் குளிக்கிறப்ப உள்ள தள்ளி வுட்டுக்குவேன். இது எல்லாருக்கும் வர்றதுதானே?"

கர்ப்பப்பை இறக்கம். எங்கள் படிப்பில் கட்டாயம் வருகிற சமாசாரம், பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு தடவை இந்த மேசையில் இவளைப் படுக்க வைத்தேன். மார்பில் ஒயரை ஒட்டி, இல்லாத வலியைத் தேடிவிட்டு எழுப்பி அனுப்பினேன்.

"எப்பலேருந்தும்மா?"

"சின்னவன் பொறந்ததுலேருந்துங்க."

"சின்னவன் இப்ப என்ன பண்றான்?"

"ஒம்போதாவது படிக்கிறானுங்க" என்றாள், கொஞ்சம் பெருமையாக.